உப்பில் போட்ட விதை

ஜமுனாவுக்கு எதற்கெல்லாம் பயம் என்று கேட்டால் பொழுது போய்விடும். எதற்குப் பயமில்லை என்று கேட்டால் பதில் சட்டென்று முடியும். இடிக்குப் பயம், காஸ் சிலிண்டருக்குப் பயம், நண்டுக்குப் பயம். பொன்னேரி ஸ்டேஷனில் ரயில் நிற்காமல் போய்விடுமோ என்று பயம். நின்று, ஏறி உட்கார்ந்த பிறகு, இது வேறு ஊருக்குப் போகிற ரயிலோ என்று பயம். மீன் பிடிக்கும் குடும்பத்தில் பிறந்து, மீன் பிடிக்கிறவனுக்கே வாழ்க்கைப்பட்டு, நாற்பத்து மூன்று வயதாகியும் அவள் தானாகக் கணுக்காலுக்கு மேல் கடலில் இறங்கியதில்லை. புதுமேட்டுக்குப்பத்தில் ஜமுனா என்று மூன்று பேர் இருந்தார்கள். மற்ற இருவரையும் புருஷன் பேரைச் சேர்த்துச் சொல்லித்தான் பிரிக்கவேண்டும். இவளுக்கு அது தேவையில்லை, 'பயந்த ஜமுனா' என்றாலே தபால்காரர் சரியான வாசலுக்கு வந்துவிடுவார்.

ஊர் சிரித்தது. சிரித்தவர்களிடம் உங்கள் வீடு பாதையிலிருந்து எத்தனையாவது வீடு என்று யாராவது கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை.

பாதை என்றது இதைத்தான். ஊருக்கும் கடலுக்கும் நடுவில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு மணல்மேடு. அந்த மணலைப் பிடித்து வைத்திருந்தது ராவணன் மீசை என்கிற புல். ஊசி ஊசியாக இலை. காலில் குத்தினால் இரண்டு நாள் கடுக்கும், வலையைக் காயப்போட்டால் கண்ணிக்குக் கண்ணி மாட்டிக்கொள்ளும். அதைப் பிடுங்கி எரிப்பதை ஊரில் எல்லோரும் ஒரு நல்ல காரியமாகவே செய்துவந்தார்கள். பிறகு படகு இழுக்க டிராக்டர் வந்தது. டிராக்டருக்கு வழி வேண்டுமே என்று ஊர் கூடிப் பேசி, ஜேசிபி வரவழைத்து, மேட்டை நட்டநடுவில் வெட்டிப் பாதை போட்டார்கள். பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தித்தான் போட்டார்கள். அடுத்த வருஷக் கார்த்திகையில் புயல் அடித்தபோது கடல் மேட்டில் ஏறக் கஷ்டப்படவே இல்லை. பாதை இருந்தது, பாதை வழியாகவே தெருவுக்குள் வந்தது.

பாதையிலிருந்து ஜமுனாவின் வீடு மூன்றாவது. முதல் வீடு சுவரோடு போயிற்று. இரண்டாவது வீட்டுக்காரர்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு மீஞ்சூருக்குப் போனவர்கள் திரும்பவே இல்லை. புயலன்று காலை ஒன்பது மணிக்கு, வீட்டுக்குள் மார்பளவு தண்ணீரில், கதவைத் திறக்க முடியாமல் ஜமுனா நின்றாள். தண்ணீர் வெளியிலிருந்து கதவை அழுத்திக்கொண்டிருந்தது. அவள் புருஷன் கண்ணப்பன் கூரை ஓடுகளை உடைத்து அவளை மேலே இழுத்தான். அன்றிலிருந்து அவள் வீட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போடுவதில்லை. இப்போது சொல்லுங்கள், அவள் பயத்தைப் பார்த்துச் சிரிக்கலாமா?

புயலுக்குப் பின் வந்தவள்தான் சுதா. அனுப்பம்பட்டுப் பக்கம் நெல் விளைவிக்கும் விஜயராகவன் என்பவரின் மகள். தாவரவியல் படித்துவிட்டு, கடலோரத்தில் பழைய புல்லைத் திரும்ப வளர்க்கிற ஒரு சின்ன அமைப்பில் வேலை பார்த்தாள். புதன்கிழமை தோறும் ஸ்கூட்டரில் வருவாள். பாதையை மணல் கொட்டி மூடி, அதன்மேல் ராவணன் மீசையை விதைத்தால் மேடு மறுபடி நிற்கும் என்றாள். ஊர் சிரித்தது, இந்த ஊருக்கு அது ஒரு வழக்கம். கடைசியில் ஊர்த்தலைவர் வடிவேலு ஒரு கெடு வைத்தார்.

"இன்னாம்மா, ஒரு வருசம் பாக்கலாம். டிராக்டர் வடக்கால சுத்திக்கினு போவட்டும். ஆனா ஐப்பசி ரெண்டாவது ஞாயித்துக்கெயமைக்குள்ள மேட்டுல பச்ச தெரியணும். தெரியலைன்னு வெச்சுக்கோ, பாதையைத் தொறந்துடுவோம். அப்பால யாரும் புல்லு கில்லுன்னு பேசக்கூடாது."

ஐப்பசிக்கு அடுத்தது கார்த்திகை. இதைக் கூட்டத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஜமுனா மட்டும் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

வைகாசியில் தெற்கிலிருந்து தென்னல் காற்று பிடித்ததும் விதை சேர்க்கும் வேலை தொடங்கியது. ராவணன் மீசையில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியில் தலையளவுக்கு ஒரு முள்ளுப்பந்து காய்க்கும். முற்றியதும் ஒடிந்து, காற்றில் கடற்கரை நெடுக உருண்டு ஓடும். விதை அதில்தான் இருக்கும். ஆண் செடியின் பூவை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தாலும் ஒரு விதை தேறாது. சுதா இதைச் சொன்னபோது பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"ராவணன் மீசையில பொம்பள ஏதும்மா?" என்றாள் ஒருத்தி.

ஜமுனா சிரிக்கவில்லை. ஆண் பூவைத் தவறிப்போய் மூட்டையில் போட்டுவிடுவோமோ என்ற பயத்தில், கொண்டுவந்த ஒவ்வொரு பந்தையும் மூன்று தரம் திருப்பிப் பார்த்தாள். முள்ளின் அடியைப் பிரித்தால் உமிக்குள் ஒரே ஒரு மணி இருக்கும், பாதிக்கு மேல் அதுவும் இருக்காது, வெறும் பதர். மற்றவர்கள் பிடி பிடியாக அள்ளிக் கோணியில் போட்டுக்கொண்டிருக்க, இவள் ஒவ்வொன்றாக நகத்தால் அழுத்திப் பார்த்தாள். கெட்டியாக இருந்தால் வலப்பக்கம், அமுங்கினால் இடப்பக்கம். சந்தேகம் வந்தால் இன்னொரு தரம். சுதா அவள் முறத்திலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துப் பிளந்து பார்த்தாள். ஒன்றுகூடப் பதர் இல்லை.

"அக்கா, இனிமே பொறுக்குறது மத்தவங்க வேலை. தேர்ந்தெடுக்கிறது மட்டும் நீங்க. இந்த ஊர்ல இதுக்கு உங்களை விட்டா ஆள் இல்லை."

பிறந்ததிலிருந்து எந்தப் பயத்துக்குத் திட்டு வாங்கினாளோ, அந்தப் பயத்துக்கு முதல்முதலாக ஒரு மரியாதை கிடைத்தது. ஜமுனாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உடனே, இந்தச் சந்தோஷத்துக்கு என்ன வந்து சேருமோ என்று பயந்தாள்.

வந்து சேர்ந்தது போனில். ஆனி மாதத்தில் ஒரு நாள், கரையில் காற்று இரைந்துகொண்டிருந்த மத்தியானத்தில் சுதா கூப்பிட்டாள்.

"அக்கா, ரெண்டு மாசம் நான் வர முடியாது, பயிற்சிக்குப் போறேன். விதையை உப்புல போட்டு எடுத்து வெச்சிடுங்க. பூச்சி அடிக்காம உஷாரா பாத்துக்கங்க."

நெல்காரர் வீட்டில் 'உப்புல போட்டு எடு' என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விதைநெல்லை உப்புத் தண்ணீரில் கொட்டவேண்டும், மிதக்கும் பதரை அரித்துத் தள்ளவேண்டும், அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலசி நிழலில் உலர்த்தவேண்டும். அலசுவதை யாரும் தனியாகச் சொல்வதில்லை, குளிக்கிறவனிடம் துவட்டிக்கொள் என்று சொல்வதுண்டா? ஆனால் குப்பத்தில் 'உப்புல போட்டு வை' என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த அர்த்தம் ஜமுனாவின் கைக்கு முப்பது வருஷப் பழக்கம். கருவாட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவினாள். அடியில் ஒரு அடுக்கு கல்லுப்பு, மேலே ஒரு அடுக்கு விதை, மறுபடி உப்பு, மறுபடி விதை. மேலே பலகை வைத்து, பலகைமேல் கல் வைத்தாள். உப்பு குறைந்து பூச்சி அடித்துவிடுமோ என்று பயந்து இன்னும் இரண்டு படி தாராளமாகவே போட்டாள்.

எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ஊறுகாய் பாட்டிலிலும் ஒரு பிடி விதையை உப்போடு போட்டுப் பரண்மேல் வைத்தாள். அரிசியானாலும் தீப்பெட்டியானாலும் ஒரு பங்கு ஒளித்து வைக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

ஆவணி பாதியில் சுதா திரும்பி வந்தாள். நேரே கோயிலடிக்குப் போய், அங்கே வலை பின்னிக்கொண்டிருந்த பெண்களிடம் விதைப்பு எப்படி நடக்கும் என்று பேசிக்கொண்டிருந்தாள். ஜமுனா ஓரமாக நின்று கேட்டாள். யாரோ ஏதோ கேட்க, சுதா சொன்னாள்: "உப்பு ஒட்டிக்கிட்டிருந்தா முளைப்பே வராதுக்கா. எங்க அப்பா ஒரு தடவை விதைநெல்லை அலச மறந்துட்டாரு, நாத்தங்கால் மொத்தமும் போச்சு."

ஜமுனா மனசுக்குள் நாள் எண்ணினாள். ஐம்பது நாளாக ஊரின் அத்தனை விதையும் அவள் வீட்டுத் தொட்டியில் கருவாடாகிக்கொண்டிருந்தது.

"அக்கா, விதை ரெடியா?" என்று சுதா திரும்பிக் கேட்டாள்.

"நாளிக்குத் தரேம்மா. காய வெச்சிருக்கேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அது அவள் சொன்ன முதல் பொய் இல்லை. ஆனால் சொன்னவுடன் நாக்கு உலர்ந்துபோன முதல் பொய்.

மறுநாள் மத்தியானம், ஊர் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில், வீட்டிலிருந்த குடிதண்ணீர் பதினோரு குடத்தையும் எடுத்து வைத்துக்கொண்டாள். இரண்டு நாளைக்கான தண்ணீர் அது. லாரி இனி வெள்ளிக்கிழமைதான் வரும். விதையைத் துணியில் கட்டி முக்கி அலசினாள். அலசிய தண்ணீரை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். கரித்தது. மறுபடி அலசினாள். ஏழாவது குடத்தில் கரிப்பு குறைந்தது. பதினோராவது குடத்தில் கரிக்கிறதா, அல்லது தன் நாக்குதான் கரிக்கிறதா என்று அவளுக்குத் தெரியாமல் போயிற்று. கவிழ்த்து வைத்த படகுக்கு அடியில் பாய் விரித்து விதையைக் காயப்போட்டாள். சாயங்காலம் கண்ணப்பன் வந்து தண்ணீர் கேட்டபோது, "குடம் ஓட்டையாயிடுச்சு" என்றாள். பதினோரு குடமுமா என்று அவன் கேட்கவில்லை. அவன் அதிகம் கேட்கிற ஆள் இல்லை.

மணல் கொட்டி மூடியிருந்த பாதைமேல் ஆவணி கடைசியில் கயிறு பிடித்து வரிசை வரிசையாக விதைத்தார்கள். காற்று மணலை வாரிக்கொண்டு போகாதபடி தென்னங்கீற்று வேலி வைத்தார்கள். சுதா எல்லோரிடமும் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "யாரும் நோண்டிப் பாக்காதீங்க. வேர் விடுற நேரத்துல கை பட்டா செத்துடும்."

சொல்லவேண்டிய ஆளுக்குத்தான் அது காதில் ஏறவில்லை.

விதைத்த பத்தாம் நாளிலிருந்து ஜமுனா தினமும் விடிந்ததும் மேட்டில் ஏறினாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு விரல் ஆழம் மணலைக் கிளறுவாள். ஒரு விதையை எடுத்துப் பார்ப்பாள். போட்டபடியே இருக்கும். அதைத் திரும்பப் புதைத்துவிட்டுப் பக்கத்தில் இன்னொன்று. பதினைந்து நாள், இருபது நாள், இருபத்தெட்டு நாள். கீழே அவள் வீட்டுக் கூரை தெரியும். திரும்பிப் பார்த்தால் கடல் தெரியும். இரண்டுக்கும் நடுவில் வெறும் கொட்டின மணலும், தன் கையால் கொன்ற விதையும் மட்டுமே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே இறங்குவாள். சோறு பிடிக்கவில்லை. கதவு சத்தம் கேட்டால் சுதா தெரிந்துகொண்டு வந்துவிட்டாள் என்று நடுங்கினாள். வடிவேலு தெருவில் செருமினால் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டாள்.

ஒருநாள் காலை கண்ணப்பன் மேட்டுக்கே வந்துவிட்டான்.

"இன்னாமே பண்ணினுகிற இங்க? தெனிக்கும் பாக்குறேன், கோயி மாதிரி மண்ண சீச்சினுகிற."

ஜமுனா மணலில் உட்கார்ந்து அழுதாள். அழுதபடியே எல்லாவற்றையும் சொன்னாள். போனில் கேட்டதை, தொட்டியை, இரண்டு படி கூடுதல் உப்பை, பதினோரு குடத்தை.

கண்ணப்பன் முதலில் வாயைப் பொத்திக்கொண்டான். பிறகு அடக்கமுடியாமல் விழுந்து சிரித்தான். "அடிப்பாவி! காரப்பொடிக் கருவாட்ட வெதச்சா காரப்பொடி மீனு மொளைக்குமா மே? இரு, அடுத்த வருசம் வஞ்சிரம் வெதைக்கலாம்."

சிரித்துக்கொண்டே திரும்பியவன் கடலைப் பார்த்தான். பிறகு கீழே தெருவைப் பார்த்தான். முதல் வீடு இருந்த இடத்தில் வேலிக்காத்தான் முளைத்திருந்தது. அப்புறம் பூட்டிக் கிடந்த இரண்டாவது வீடு. அப்புறம் அவன் புதிதாக ஓடு மாற்றியிருந்த தன் வீடு. அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

"யார்கிட்டயும் சொல்லாத" என்றான். அவன் குரலைக் கேட்டுத்தான் ஜமுனா அதிகம் பயந்தாள். இருபது வருஷத்தில் அவன் பயந்து அவள் பார்த்ததில்லை. பயம் அவள் பங்கு, தைரியம் அவன் பங்கு என்றுதான் குடித்தனம் நடந்துகொண்டிருந்தது.

ஐப்பசி பிறந்தது. இரண்டாவது ஞாயிறுக்கு மூன்று நாள் முன்னால் முதல் மழை பெய்தது. மழைக்குப் பிறகும் மேடு மொட்டையாகவே கிடந்தது, விடியுமுன் இருட்டில் தடவிக் கிளறுவதை ஜமுனாவும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் ஊர் கூடியது. ஆண்கள் பந்தலுக்குள், பெண்கள் வெளியே. சுதாவும் வந்து ஒரு ஓரமாக நின்றாள். வடிவேலு வெற்றிலையைத் துப்பிவிட்டு, சுருக்கமாக முடித்தார்.

"பாத்தோம். புல்லு வரல. இந்த மண்ணுல வராது, அவ்ளோதான். வியாயக்கெயம ஜேசிபி வருது. பாதையைத் தொறந்துடலாம்."

'இந்த மண்ணுல வராது' என்ற அந்த ஒரு சொல் ஜமுனாவைப் பிடித்து உலுக்கியது. இந்த வருஷம் மட்டும் இல்லை, இனி எந்த வருஷமும் இல்லை. ஒவ்வொரு கார்த்திகையும் திறந்த பாதை. ஊரார் முன் நிற்கிற பயம் ஒருபக்கம், கதவை அழுத்திய அந்தத் தண்ணீர் இன்னொரு பக்கம். பெரிய பயம் சின்னப் பயத்தை விழுங்கிவிட்டது. எப்போது எழுந்தாள், எப்படிப் பந்தலுக்குள் வந்தாள் என்று பிறகு கேட்டபோது அவளுக்கே நினைவில்லை.

"மண்ணு மேல தப்பு இல்ல, தலைவரே. என் மேல. நான்தான் வெதைய உப்புல போட்டு வெச்சேன். கருவாடு மாதிரி. அம்பது நாளு."

சிரிப்பு கிளம்பியது பாருங்கள், கோயில் புறா எல்லாம் பறந்துபோயின. ஜமுனா கைகூப்பி நின்றாள்.

"சிரிங்க. என்னை இன்னா வேணா பண்ணுங்க. தண்டம் போடுங்க. ஆனா பாதையைத் தொறக்காதீங்க. அடுத்த வருசம் வேற ஆளு வெதைய எடுக்கட்டும். எனுக்கு பயமாகீது. எனுக்கு ரொம்ப பயமாகீது தலைவரே."

சுதாவும் பந்தலுக்குள் வந்துவிட்டாள். "போன்ல அப்படிச் சொன்னது நான்தான். அலசணும்னு சொல்லாம விட்டுட்டேன். எங்க வீட்டு நெனப்புல பேசிட்டேன்" என்றாள். வடிவேலு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மனுஷனுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

"ஜேசிபிக்குச் சொல்லியாச்சு. வியாயக்கெயம பாப்போம்" என்று எழுந்துவிட்டார்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் விடாமல் மழை. புதன்கிழமை காலை மழை விட்டு வானம் வெறித்தது. சுதா ஸ்கூட்டரைத் தெருவிலேயே போட்டுவிட்டு மேட்டில் ஏறினாள். ஏறியவள் அங்கிருந்தே கத்தினாள். ஜமுனாவுக்கு வீட்டைவிட்டு வெளியே வரப் பயம். கண்ணப்பன்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

கயிறு பிடித்தது போல வரிசை வரிசையாகப் பச்சை. விரல் நீளத்துக்கு, ஊசியாக, இப்போதே குத்துகிற பச்சை.

"இது நெல்லு இல்லக்கா!" சுதா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "கடலோரப் புல்லு. உப்புல கெடந்தப்போ தூங்கியிருக்கு, நல்ல தண்ணி இறங்கினதும் முழிச்சிக்கிச்சு. நான்தான் நெல்லை வெச்சு எல்லாத்தையும் நெனச்சிட்டேன்."

வடிவேலு வந்து பார்த்தார். போனை எடுத்து ஜேசிபிக்காரனிடம் வரவேண்டாம் என்றார். போகும்போது, "கருவாட்டுப் புல்லு" என்று தனக்குள் சொல்லிச் சிரித்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்தப் புல்லுக்கு இந்த ஊரில் அதுதான் பெயர்.

சுதா வரிசைகளைப் பார்த்துக்கொண்டே தெற்குப் பக்கமாக நடந்தாள். ஒரு இடத்தில் நின்றுவிட்டாள். அங்கே ஒரு வாசல் அகலத்துக்கு மணல் மொட்டையாக இருந்தது. ஒரு முளைகூட இல்லை. குனிந்து கிளறினாள். நுனியில் வெள்ளையாக வேர் விட்டு, ஒடிந்து, அழுகிப்போன விதைகள் கையில் வந்தன.

"இங்க யாரோ தெனமும் நோண்டியிருக்காங்க" என்றாள்.

கண்ணப்பன் தரையைப் பார்த்தான். ஜமுனா கீழே பார்த்தாள். மொட்டை இடத்திலிருந்து நேர்கோடு பிடித்தால் அது போய் நிற்பது அவள் வீட்டு வாசலில். வீட்டிலிருந்து ஏறி வருகிற வழியில்தானே தினமும் உட்கார்ந்து கிளறினாள். உப்பு கொல்லாத விதையை அவள் விரல் கொன்றிருந்தது. ஊர் முழுக்க மேடு எழும்பப் போகிறது, அவள் வாசலுக்கு நேரே மட்டும் ஒரு பாதை.

ஜமுனா வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் ஊறுகாய் பாட்டில் இருந்தது. உப்போடு அந்த ஒரு பிடி விதை. அலசினாள், அலசிய தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தாள், சுதா கயிறு பிடிக்க வரிசையாகப் போட்டு மூடினாள்.

"இது முளைக்க இன்னும் மூணு வாரமாவது ஆகும்" என்றாள் சுதா. அவளுக்கும் நாள்காட்டி தெரியும். மூன்று வாரத்தில் கார்த்திகை வந்துவிடும்.

கார்த்திகை வந்தது. பதினெட்டாம் நாள் காலை ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: வங்கக்கடலில் தாழ்வு நிலை, யாரும் கடலுக்குப் போகவேண்டாம். ஆண்கள் படகுகளை மேலே இழுத்துக் கட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் போய்த் தங்குவதற்காகப் பெண்கள் அரிசியையும் ரேஷன் கார்டையும் பிளாஸ்டிக் பையில் கட்டினார்கள். வாடைக்காற்று ஏறிக்கொண்டிருந்தது. மேட்டில் இரண்டு பக்கமும் சாண் உயரத்துக்குக் கருவாட்டுப் புல் வளைந்து வளைந்து மணலைப் பிடித்துக்கொண்டிருந்தது. நடுவில், அந்த வாசல் அகல மணலின் ஓரத்தில் ஜமுனா உட்கார்ந்திருந்தாள். அங்கே இன்னும் ஒன்றும் தெரியவில்லை.

"வாமே, பள்ளிக்கூடத்துக்குப் போலாம்" என்று கீழேயிருந்து கண்ணப்பன் கூப்பிட்டான்.

"வரேன்" என்றாள். ஒரே ஒரு விதையை எடுத்துப் பார்த்தால் போதும். வேர் விட்டிருக்கிறதா இல்லையா என்று மட்டும் தெரிந்துவிடும். விரல் மணலை நோக்கித் தானாகப் போயிற்று. ஜமுனா இரண்டு கைகளையும் இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள்.